கட்டில், கோப்பை, கடிகாரம்: பழைய அமெரிக்க வீடுகள் பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்கா தனி நாடாவதற்கு முன்னும் பின்னும் அங்கே குடும்பங்கள் என்னென்ன பொருள் வாங்கின, எதை எங்கே வைத்தன என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நம் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. எழுதியவர்களில் பலருடைய பிள்ளைகள் அங்கே வேலையில் இருக்கிறார்கள். நான் பள்ளியில் வரலாறு கற்பித்தவள். வேலப்பாடியில் தச்சுப் பட்டறை வைத்திருந்தவரின் மகள். இந்த இரண்டு அறிவையும் கொண்டுதான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: பழைய அமெரிக்க வீடுகளின் படங்களில் விருந்தினர் வந்து உட்காரும் அறையிலேயே திரை கட்டிய பெரிய கட்டில் நிற்கிறதே, அம்மா? நாலு பேர் வரும் இடத்தில் படுக்கையை ஏன் போட்டார்கள்?
– இல்லத்தரசி, குடியாத்தம்

கட்டில்தான் அந்த வீட்டின் பெரிய சொத்து, சகோதரி. அதைக் கண்ணில் படாமல் வைக்க யாருக்கு மனம் வரும்? 1600-களில் மாசசூசெட்ஸிலும் வர்ஜீனியாவிலும் பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒன்று அல்லது இரண்டு அறை கொண்ட மரவீடுதான். இரண்டு அறை இருந்தால், நல்ல அறையில் குடும்பத் தலைவனும் மனைவியும் படுக்கும் கட்டில் நிற்கும். விருந்தாளி உட்காருவதும் அங்கேதான். திரைத் துணியையும் மெத்தையின் கனத்தையும் பார்த்தே அந்தக் குடும்பத்தின் வசதியை வந்தவர் கணக்குப் போட்டுவிடுவார்.

மரத்துக்கு அவ்வளவு விலை இல்லை, காடு பக்கத்திலேயே இருந்தது. துணிக்கும் இறகுக்கும்தான் விலை. அடியில் வைக்கோல் அல்லது மக்காச்சோளத் தோகை அடைத்த மெத்தை, அதன்மேல் வாத்து இறகு அடைத்த மெத்தை, அதன்மேல் கம்பளிகள், நான்கு புறமும் தொங்கும் திரை. ஒரு நல்ல மெத்தைக்கு வேண்டிய இறகு சேருவதற்குள் எத்தனையோ வாத்துகளை வளர்த்தாக வேண்டும். திரைக்கான நல்ல கம்பளித் துணி இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டும். பனிக்காலத்தில் கணப்பை விட்டுச் சற்று விலகினாலே குளிர் எலும்பைத் தொடும் ஊர்கள் அவை. திரையை இழுத்து மூடினால் உள்ளே உடல் சூடு தங்கும். மே மாதம் மொட்டை மாடியில் பாய் விரிக்கும் வேலூர்க்காரர்களுக்கு இந்தத் தேவை சட்டென்று பிடிபடாது.

மெத்தையைத் தாங்கப் பலகை கிடையாது. நம் கயிற்றுக் கட்டிலைப் போலவே சட்டத்தில் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். தொய்ந்து போனால் முறுக்கி இறுக்குவதற்கென்றே மரத்தில் ஒரு சாவி உண்டு. பெரிய கட்டிலுக்கு அடியில் சக்கரம் வைத்த குட்டைக் கட்டில் ஒன்று ஒளிந்திருக்கும். இரவில் அதை வெளியே இழுத்துப் பிள்ளைகளைப் படுக்கவைப்பார்கள். நாற்காலி ஒன்றோ இரண்டோ இருக்கும், அதில் குடும்பத் தலைவன் உட்காருவான். மற்றவர்களுக்கு விசிப்பலகை, முக்காலி, துணிப் பெட்டியின் மூடி. பிள்ளைகள் நின்றுகொண்டே சாப்பிட்ட வீடுகளும் உண்டு.

வசதி கூடிய பிறகும் கட்டில் மோகம் தணியவில்லை. ஜார்ஜ் வாஷிங்டனுக்கு 1759 ஜனவரியில் திருமணம். அந்த ஆண்டே ராபர்ட் கேரி என்ற லண்டன் வியாபாரியின் நிறுவனத்துக்கு அவர் அனுப்பிய பட்டியலில் கட்டிலும் திரையும் இருந்தன. திரை நீலமாகவோ நீலமும் வெள்ளையுமாகவோ இருக்க வேண்டும், அறைச் சுவரில் ஒட்டும் காகிதத்துக்கு ஒத்துப்போக வேண்டும் என்று சொல்லி, அந்தக் காகிதத்தின் மாதிரியையும் கூடவே வைத்தார். தோட்டத்துப் புகையிலை லண்டனுக்குப் போகும், அது விற்ற கணக்கில் பொருள்கள் திரும்பி வரும். கண்ணால் பாராமல் வாங்குவதன் வருத்தங்களும் சேர்ந்தே வந்தன. மட்டமான சரக்குக்கு உயர்ந்த விலை போடுகிறார்கள் என்று மறு ஆண்டே அவர் குறைப்பட்டு எழுதினார்.

கேள்வி: கையால் சாப்பிடுவதை என் அறைத் தோழன் கேலி செய்கிறான். அமெரிக்கர்கள் ஆரம்பத்திலிருந்தே முள்கரண்டியால்தான் சாப்பிட்டார்களா, டீச்சர்?
– கல்லூரி மாணவர், காட்பாடி

இல்லை, தம்பி. 1600-களில் கத்தி, கரண்டி, கை, இவ்வளவுதான். மரத்தில் குடைந்த ஒரே தட்டை இருவர் பகிர்ந்துகொள்வதும் வழக்கம். முள்கரண்டி 1700-களில்தான் மெல்ல மெல்லப் பொதுவான வீடுகளுக்குள் வந்தது.

கேள்வி: பாஸ்டனில் இருக்கும் என் மகன் ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனான். அங்கே பழைய கட்டில் விரிப்பு ஒன்று. வளைந்து வளைந்து போகும் மரம், ஒவ்வொரு கிளையிலும் வேறு வேறு பூ, சிவப்பும் நீலமும். பார்த்தவுடன் நம் ஊர்த் துணி மாதிரி இருந்தது. என் பிரமையா?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், ஆம்பூர்

பிரமையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, ஐயா. அந்த வளையும் மரம் சோழமண்டலக் கரையின் கைவேலை. மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சென்னை, நாகப்பட்டினம் எனக் கடற்கரை நெடுகிலுமிருந்து சாயம் எழுதிய பருத்தித் துணிகள் ஐரோப்பாவுக்குப் போயின. அங்கிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்கக் கட்டில்களுக்கும் போயின.

அந்தத் துணிக்கு ஏன் அவ்வளவு கிராக்கி என்றால், துவைத்தாலும் சாயம் போகாது. கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை நனைத்துக் காயவைப்பார்கள். இரும்புக் கரைசலால் கறுப்புக் கோடு எழுதுவார்கள். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம் தடவிச் சாயவேரில் வேகவைத்தால், படிகாரம் தொட்ட இடம் மட்டும் சிவக்கும். நீலத்துக்கு, மற்ற இடங்களை மெழுகால் மூடிவிட்டு அவுரித் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். இந்தக் கடுக்காய் நம் ஜவ்வாது மலையிலும் விளைகிறது. தோல் பதனிடும் ஊரில் வாழும் உங்களுக்கு அதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. இப்படி நிலைத்து நிற்கும் சாயத்தைப் பருத்தியில் ஏற்றும் வித்தை ஐரோப்பாவுக்கு நெடுங்காலம் பிடிபடவில்லை. பயந்துபோன இங்கிலாந்துக் கம்பளி, பட்டு நெசவாளர்கள் போராடி, 1700-இலும் 1721-இலும் சட்டம் போட்டு அச்சிட்ட பருத்தித் துணியை உள்நாட்டில் தடுத்தார்கள். ஆனால் வெளிநாட்டுக்கு மறு ஏற்றுமதி செய்யத் தடையில்லை. அதனால் லண்டன் சீமாட்டிக்குக் கிடைக்காத துணி பாஸ்டன் குடும்பத்துக்குக் கிடைத்தது.

பாஸ்டன் என்றதும் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. எலிகு யேல் 1649-இல் அங்கே பிறந்தவர். 1687 முதல் 1692 வரை சென்னை ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். பதவியில் இருந்துகொண்டே சொந்த வியாபாரத்தில் பெருஞ்செல்வம் சேர்த்தார். 1718-இல் கனெக்டிகட்டில் இருந்த ஒரு சிறு கல்லூரிக்கு 417 புத்தகங்களும் மன்னரின் உருவப்படமும் ஒன்பது மூட்டைச் சரக்கும் அனுப்பினார். மூட்டைகளில் பெரும்பகுதி துணி. அதை விற்றுக் கிடைத்த சுமார் 560 பவுண்டில் கட்டடம் எழும்பியது, கல்லூரிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. இன்றைய யேல் பல்கலைக்கழகம் அதுதான். மன்னரின் படத்தைத் தீட்டியவர் யார் என்று கலை வரலாற்றில் தேடிச் சொல்லிவிடலாம். துணி நெய்தவர், சாயம் எழுதியவர் யாரென்று எந்த ஏட்டிலும் தேட முடியாது. இது எனக்குத் தீராத வருத்தம்.

1784 டிசம்பரில் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்ற பெயரிலேயே ஓர் அமெரிக்கக் கப்பல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தது. அதன் பிறகு லண்டன் தரகு இல்லாமல் அவர்களே நேரடியாக இந்தியத் துறைமுகங்களில் வாங்கத் தொடங்கினார்கள். அடுத்த முறை போகும்போது விரிப்பின் பக்கத்தில் உள்ள குறிப்பு அட்டையைப் படியுங்கள். கோரமண்டல் கரை (சோழமண்டலக் கரையின் ஆங்கிலப் பெயர்) என்று இருந்தால் உங்கள் கண் ஏமாறவில்லை. கோடுகளையும் உற்றுப் பாருங்கள். கையால் எழுதியது என்றால் ஒரே பூவின் இரண்டு இதழ்கள்கூட அச்சாக ஒத்திருக்காது.

கேள்வி: என் மனைவி என்னைக் கேட்காமல் விலை உயர்ந்த பீங்கான் டின்னர் செட் வாங்கிவிட்டார். இவ்வளவு நாள் எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டவர்கள்தானே நாங்கள்? கடைக் கணக்கை அவர்தான் பார்க்கிறார் என்பதால் என்னால் அதட்டவும் முடியவில்லை. பழங்கால அமெரிக்கப் பெண்கள் சிக்கனமாக இருந்தார்கள் என்று எழுதியிருந்தீர்களே!
– ஜவுளி வியாபாரி, வாலாஜாபேட்டை

சிக்கனமாகத்தான் இருந்தார்கள். அந்தச் சிக்கனத்துக்குப் பேர்போன பெஞ்சமின் பிராங்க்ளின் வீட்டிலேயே உங்கள் வீட்டுக் கதை நடந்திருக்கிறது. பிலடெல்பியாவில் அச்சகம் நடத்திய காலத்தில் அவருடைய காலை உணவு ரொட்டியும் பாலும். இரண்டு பென்னி மண் கிண்ணம், ஈயக்கலவைக் கரண்டி. ஒரு நாள் காலையில் பார்த்தால் சீனப் பீங்கான் கிண்ணமும் வெள்ளிக் கரண்டியும் மேசையில் இருக்கின்றன. மனைவி டெபோரா அவருக்குத் தெரியாமல் 23 ஷில்லிங் கொடுத்து வாங்கியிருக்கிறார். அக்கம்பக்கத்து ஆண்களுக்கு இருக்கும்போது என் கணவருக்கு என்ன குறை என்பதுதான் அவர் சொன்ன காரணம். பிராங்க்ளினே இதைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்த முதல் கிண்ணத்துக்குப் பிறகு, ஆண்டுகள் போகப்போக வீட்டிலிருந்த வெள்ளியும் பீங்கானும் பல நூறு பவுண்டு மதிப்புக்கு வளர்ந்தன என்றும் சொல்கிறார்.

டெபோரா அச்சகத்தில் தாள்களை மடித்துத் தைத்தவர், கடையைக் கவனித்தவர், காகிதம் செய்பவர்களுக்காகக் கந்தல் துணி வாங்கியவர். அந்த 23 ஷில்லிங்கில் அவர் உழைப்பும் இருந்தது. கடைக் கணக்கை உங்கள் மனைவிதான் பார்க்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இதை 'கேட்காமல் வாங்கியது' என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பின்னாளில் பிராங்க்ளின் லண்டனில் இருந்தபோது, 1758-இல், அங்கிருந்து பீங்கான் பாத்திரங்களையும் துணிகளையும் பெட்டி பெட்டியாக மனைவிக்கு வாங்கி அனுப்பினார். நீங்களும் அந்தத் தட்டில் சாப்பிடத் தொடங்குங்கள், ஐயா.

கேள்வி: அந்தக் காலத்தில் அங்கேயும் பெண்ணுக்குச் சீர்வரிசை கொடுத்து அனுப்பும் வழக்கம் இருந்ததா? என் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன்.
– பட்டு நெசவாளர் குடும்பத்துத் தாய், ஆரணி

இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு பெரிய அநீதியும் இருந்தது. நிலமும் வீடும் பெரும்பாலும் மகன்களுக்குப் போகும். பெண்ணுக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய பொருள்கள்தான் பங்கு: பெட்டி, அலமாரி, படுக்கை விரிப்புகள், பாத்திரம், சில வீடுகளில் ஒரு பசு. கல்யாணம் ஆனவுடன் அதுவும் ஆங்கிலச் சட்டப்படி கணவன் சொத்து. கணவன் இறந்தால் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள்வரை அனுபவிக்கலாம், விற்க முடியாது.

மாசசூசெட்ஸில் ஹாட்லி என்ற ஊரில் ஹன்னா பர்னார்ட் என்ற பெண் இருந்தாள். அவளுக்காகச் செய்த ஓர் அலமாரி இன்றும் மிச்சிகனில் ஹென்றி போர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகப்பு முழுவதும் வண்ணப் பூவேலை. நடுவில், தெருவில் போகிறவனும் படிக்கும்படி பெரிய எழுத்தில் 'ஹன்னா பர்னார்ட்' என்று அவள் முழுப் பெயர். 1715-இல் ஜான் மார்ஷைக் கைப்பிடித்ததும் ஊர்ப் பதிவேட்டில் அவள் ஹன்னா மார்ஷ் ஆகிவிட்டாள். அலமாரி மட்டும் பிறந்த வீட்டுப் பெயரை விடவில்லை. சிறிது காலத்திலேயே பிரசவத்தில் இறந்துபோனாள். பிழைத்த மகள் அபிகெயிலுக்கு அந்த அலமாரி போய்ச் சேர்ந்தது. அபிகெயில் வளர்ந்து, தன் மகளுக்கு ஹன்னா பர்னார்ட் என்றே பெயர் வைத்தாள். முகத்தைக்கூடப் பார்த்திராத தாயின் பெயரை அந்தப் பெண் ஒரு மரச்சாமானிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறாள். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் தழுதழுக்கும்.

நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவோம். வேலூர் லாங் பஜாரில் வாங்கிய என் தாயாரின் அண்டா என்னிடம் இருக்கிறது. அதில் அவர் பெயருக்கு முன்னால் என் தாத்தாவின் தலைப்பெழுத்துதான் இருக்கிறது, அப்பாவுடையது இல்லை. புள்ளி புள்ளியாக வெட்டிய அந்த எழுத்து இன்னும் தேயவில்லை. இப்போது குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் சீரில் போகின்றன. ரசீது யார் பெயரில் என்று பாருங்கள், பெரும்பாலும் மாப்பிள்ளை பெயரில் இருக்கும்.

ஆகவே உங்கள் பட்டியலைப் பற்றிச் சில சொற்கள். யாரும் கேட்டு வற்புறுத்திக் கொடுப்பது வரதட்சணை, 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நீங்களாக விரும்பிக் கொடுப்பதற்கும் முறை இருக்கிறது. 1985-இல் வந்த விதிகளின்படி மணமகளுக்கு வந்த அன்பளிப்புகளின் பட்டியலை மணமகளே வைத்திருக்க வேண்டும். என்ன பொருள், சுமார் மதிப்பு, யார் கொடுத்தது, அவர் என்ன உறவு என்று எழுதி, மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். பெரும்பாலான கல்யாண வீடுகளில் மொய் நோட்டு இருக்கிறது, இந்தப் பட்டியல் இல்லை. ஒரு பிரதியை மகள் கையில் கொடுத்துவிடுங்கள். ரசீதுகள் அவள் பெயரில் இருக்கட்டும். பாத்திரத்தில் பெயர் வெட்ட மறக்காதீர்கள்.

கேள்வி: பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கொட்டிய கதையைப் பாடம் நடத்தும்போது, 'இதில் நமக்கென்ன சம்பந்தம்?' என்று ஒரு மாணவி கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.
– ஆசிரியர், ஆற்காடு

நல்ல மாணவி. சம்பந்தம் இருக்கிறது, அதுவும் நம் வட ஆற்காட்டு மண்ணில். 1767-இல் ஹைதர் அலிக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் போர் மூண்டது. செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் சண்டை நடந்தது. அந்த ஆண்டின் இறுதியில் ஹைதர் ஆம்பூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். 1769-இல் சென்னையின் வாசலுக்கே வந்து நின்று கம்பெனியை உடன்படிக்கைக்கு வரவைத்தார். நம் பகுதியின் நிலவரம் லண்டனை எட்டியதும் கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. வங்கத்தில் 1770 பஞ்சம், 1772-இல் லண்டனில் கடன் நெருக்கடி என்று அடிமேல் அடி விழ, கம்பெனியின் கிடங்குகளில் விற்காத சீனத் தேயிலை மலையாகக் கிடந்தது. அதை அமெரிக்காவில் தள்ளிவிட 1773-இல் தேயிலைச் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த டிசம்பர் 16 இரவில் 342 பெட்டிகள் கடலுக்குப் போயின. ஹைதர் அலி போர் இதற்கெல்லாம் ஒரே காரணம் என்று சொல்லக் கூடாது. காரணங்களில் அதுவும் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம்.

வீட்டுக்குள்ளும் வருவோம். தேநீர் என்றால் அங்கே ஒரு கூஜா மட்டும் வாங்கினால் போதாது. வட்ட மேசை, பிடியில்லாத சின்னக் கோப்பைகள், தட்டுகள், சர்க்கரைக் கிண்ணம், சர்க்கரையை எடுக்க இடுக்கி, வெந்நீர்ப் பாத்திரம் என்று வரிசையாக வாங்க வேண்டும். ஆகவே ஆங்கிலேயர் வரியை எதிர்த்துத் தேநீரை விடுவது அந்தப் பெண்களுக்கு எளிய தியாகமாக இருக்கவில்லை. ஆசையாகச் சேர்த்த பொருள்களெல்லாம் அலமாரியில் உறங்கின. உள்ளூர்ச் செடிகளின் இலையைக் காய்ச்சிக் குடித்தார்கள், வீட்டிலேயே நூல் நூற்றார்கள். உங்கள் மாணவிக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். 1782-இல் அமெரிக்கர்கள் டெலாவேர் விரிகுடாவில் ஆங்கிலேயப் போர்க்கப்பல் ஒன்றைப் பிடித்தார்கள். பிடித்த அமெரிக்கக் கப்பலின் பெயர் 'ஹைதர் அலி'.

கேள்வி: தவணையில் பொருள் வாங்குவது அமெரிக்காவிலிருந்து வந்த கெட்ட பழக்கம் என்கிறார் என் தந்தை. உண்மையா?
– வீட்டு உபயோகப் பொருள் கடை நடத்துபவர், வாணியம்பாடி

கடன் கணக்கு எல்லா நாட்டிலும் உண்டு. அந்தக் கால அமெரிக்கக் கிராமத்துக் கடையில் காசு அபூர்வம். வெண்ணெய், தானியம், நூல், உடல் உழைப்பு என்று எதைக் கொடுத்தாலும் கடைக்காரர் ஏட்டில் வரவு வைப்பார். அறுவடைக்குப் பின் கணக்குத் தீரும். நம் மளிகைக் கடை நோட்டுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

பெரிய பொருளைச் சாதாரண வீட்டுக்குள் கொண்டுவந்தது கடிகாரம். ஆளுயரப் பித்தளை இயந்திரக் கடிகாரம் பணக்காரர் வீட்டில் மட்டும் இருந்தது. கனெக்டிகட்டில் ஈலை டெரி என்பவர் 1806-இல் ஓர் ஒப்பந்தம் எடுத்தார். மூன்று ஆண்டில் 4,000 கடிகார இயந்திரங்கள், ஒன்று 4 டாலர். பல்சக்கரம் முழுக்க மரம். தண்ணீர் விசையில் ஓடும் எந்திரங்களால், எதை எதில் மாட்டினாலும் பொருந்தும்படி வெட்டினார். நான் தச்சர் மகள், மரப் பல்சக்கரத்தில் நேரம் சரியாக ஓட வேண்டுமென்றால் மரத்தை எவ்வளவு பதமாகக் காயவைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தலைச்சுமை வியாபாரிகளும் வண்டி வியாபாரிகளும் அவற்றை ஊர் ஊராகக் கடனுக்கு விற்றார்கள். 1856-இல் சிங்கர் தையல் இயந்திர நிறுவனம் மாதத் தவணை முறையைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. பிறகு அந்த இயந்திரம் நம் தெருக்களுக்கும் வந்து, எத்தனையோ விதவைப் பெண்களுக்குச் சோறு போட்டது. அதனால் உங்கள் தந்தையின் தீர்ப்பை நான் முழுதாக ஏற்க மாட்டேன். தையல் இயந்திரத்துக்குத் தவணை கட்டுவதும் சுவர் அகலத் தொலைக்காட்சிக்குத் தவணை கட்டுவதும் ஒன்றாகாது. வாடிக்கையாளரிடம் வட்டியைச் சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் தந்தை அதை எதிர்க்க மாட்டார்.

கேள்வி: முந்நூறு ஆண்டுக்கு முன் ஒரு விவசாயி வீட்டில் எத்தனை கரண்டி இருந்தது என்றுகூட எழுதுகிறீர்கள். இதெல்லாம் எப்படித் தெரியும்?
– மென்பொருள் பணியாளர், சத்துவாச்சாரி

குடும்பத் தலைவர் இறந்ததும், நீதிமன்றம் அக்கம்பக்கத்து ஆட்கள் இரண்டு மூன்று பேரை நியமிக்கும். கடன்காரர்களுக்கும் வாரிசுகளுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டுமே. அவர்கள் அறை அறையாகப் போய்ப் பொருள்களை விலையோடு எழுதுவார்கள். பழையது, உடைந்தது, ஓட்டை என்ற குறிப்புகளும் இருக்கும். அந்தத் தாள்கள் மாவட்ட நீதிமன்றங்களில் தங்கிவிட்டன. ஆராய்ச்சியாளர்கள் அவற்றை ஆயிரக்கணக்கில் படித்துத்தான் எப்போது நாற்காலி பெருகியது, எப்போது முள்கரண்டி வந்தது என்று சொல்கிறார்கள். குறைகளும் உண்டு. மிகவும் ஏழையானவர் வீட்டுக்கு யாரும் பட்டியல் எழுதப் போகவில்லை. மனைவியின் உடைகளைப் பல பட்டியல்கள் விட்டுவிட்டன.

தென்பகுதிப் பட்டியல்களை நடுக்கமில்லாமல் படிக்க முடியாது. கட்டில், கண்ணாடி, பசு, அடுத்த வரியில் ஒரு மனிதப் பெயர், பக்கத்தில் விலை. வயதானவர் பெயருக்கு நேரே விலை மிகக் குறைவு. வாஷிங்டன் 1799-இல் எழுதிய கணக்கில் அவருடைய மவுண்ட் வெர்னான் பண்ணையில் 317 அடிமைகள். பின்னாளில் ஜனாதிபதியான தாமஸ் ஜெபர்சன் பிரான்சில் தூதராக இருந்துவிட்டுத் திரும்பியபோது, அங்கே வாங்கிய சாமான்கள் 86 பெட்டிகளில் வந்தன. 1826-இல் அவர் பெருங்கடனோடு இறந்தார். மறு ஜனவரியில் மாண்டிசெல்லோ என்ற அவருடைய பண்ணை வீட்டில் ஏலம். விளம்பரத்தில் 130 அடிமைகள், கால்நடை, விளைபொருள், வீட்டுச் சாமான், சமையலறைச் சாமான் எல்லாம் ஒரே மூச்சில் அடுக்கப்பட்டிருந்தன. தாய் ஒருவருக்கும் பிள்ளை இன்னொருவருக்கும் விற்கப்பட்டார்கள். அந்த வீட்டின் அழகான நாற்காலிகளைப் பற்றி எழுதும் எவரும் இதைச் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் பிடிவாதம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள், தம்பி. நம் வீடுகளில் இப்படி எந்தப் பட்டியலும் இல்லை. உங்கள் பாட்டி இருக்கும்போதே கைப்பேசியை எடுத்துக்கொண்டு போய் அம்மி, ஆட்டுக்கல், உலக்கை, மரப்பாச்சி, கரிகிரி மண்ஜாடி என்று ஒவ்வொன்றையும் படம் எடுத்து, யார் வாங்கியது, எங்கே, யார் செய்தது என்று கேட்டு எழுதுங்கள். விலை நினைவிருந்தால் அதையும். ஆசாரியின் பெயர், குயவரின் பெயர் தெரிந்தால் கட்டாயம் எழுதுங்கள்.

கேள்வி: அமெரிக்கப் பொருள் ஏதாவது அந்தக் காலத்தில் நம் பக்கம் வந்ததா?
– வாசகி, ராணிப்பேட்டை

வந்தவற்றில் வியப்பானது பனிக்கட்டி. பாஸ்டனின் பிரெடரிக் டூடர் குளிர்காலத்தில் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து 1833-இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் அதற்காக 1842-இல் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம்.

கேள்வி: புது வீடு கட்டியிருக்கிறேன். கடையில் 'ஏர்லி அமெரிக்கன்' பாணி என்று கட்டில், நாற்காலி செட் காட்டுகிறார்கள். வீட்டில் தாத்தா காலத்துத் தேக்குப் பெட்டியும் பிரம்புச் சாய்வு நாற்காலியும் இருக்கின்றன. கட்டுரை படித்ததும் குழப்பமாகிவிட்டது.
– வங்கி ஊழியர், திருப்பத்தூர்

அந்தப் பாணிக்கு மோகம் பிறந்தது மிகவும் பிந்தித்தான். 1876-இல் பிலடெல்பியாவில் சுதந்திர நூற்றாண்டுக் கண்காட்சி நடந்தது. 1924-இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் அமெரிக்கப் பிரிவு திறந்தது. 1926-இல் வில்லியம்ஸ்பர்க் ஊரைப் பழையபடி புதுப்பிக்கத் தொடங்கினார்கள். இவற்றைப் பார்த்து ஆசைப்பட்டவர்களுக்காகத் தொழிற்சாலைகள் நகல்களைச் செய்து தள்ளின.

பிடித்திருந்தால் வாங்குங்கள், ஆனால் கவிழ்த்துப் பாருங்கள். விண்ட்சர் நாற்காலி என்று காட்டினால் உட்காரும் பகுதி ஒரே கட்டைப் பலகையா என்று பாருங்கள். உண்மையான விண்ட்சரில் பலகையைத் துளைத்துக் காலை நேராக இறக்கியிருப்பார்கள். காலின் முனை நன்றாகக் காய்ந்திருக்கும், பலகையில் சற்று ஈரம் இருக்கும். பலகை காயக் காயச் சுருங்கிக் காலைக் கவ்விக்கொள்ளும், ஆணி வேண்டாம். ஒவ்வொரு பகுதிக்கும் வெவ்வேறு மரம் என்பதால் மேலே பச்சை வண்ணம் அடித்தார்கள். கடையில் இருப்பது மரத்தூளை ஒட்டி மேலே படம் ஒட்டிய பலகை என்றால் அந்த விலை கொடுக்காதீர்கள்.

தாத்தாவின் பெட்டியைப் பாலிஷ் போட உடனே அனுப்பிவிட வேண்டாம். முதலில் மூடியின் உட்புறத்தையும் அடிப்பலகையையும் விளக்கு வைத்துப் பாருங்கள். ஆசாரிகள் பென்சிலால் அளவோ தேதியோ பெயரோ எழுதியிருப்பதுண்டு. இழைப்புளி பட்டால் அது போய்விடும். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் கொஞ்சம் ஆளிவிதை எண்ணெய் தடவினாலே தேக்கு பளிச்சென்று வரும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள். அடிப்பலகை தரையைத் தொடாதபடி நான்கு மூலையிலும் கல் வையுங்கள், கறையான் ஏறுவது அந்த வழியாகத்தான். சாய்வு நாற்காலியின் பிரம்பு அறுந்திருந்தால் பிளாஸ்டிக் நாடா போடச் சம்மதிக்காதீர்கள். பிரம்பு பின்னத் தெரிந்தவர்கள் வேலூரில் இன்னும் இருக்கிறார்கள். சட்டத்தில் உள்ள பழைய துளைகளிலேயே பின்னச் சொல்லுங்கள். இரண்டையும் புது வீட்டில் வைத்துச் சில மாதம் புழங்கிய பிறகு என்ன குறைகிறது என்று பார்த்துக் கடைக்குப் போங்கள்.